தன்னை வெல்வதும் இல்லறம் நடத்துவதும்

நமது ஊர்ப்பக்கத்துத் திருமண வீடுகளில், எவர்சில்வர் குடங்களுக்கும் சுவர்க் கடிகாரங்களுக்கும் நடுவே ஒரு நூலையும் பரிசாக வைக்கும் வழக்கம் முன்பு இருந்தது. நாம் சென்று வந்த வீடுகளில் அந்நூல் பெரும்பாலும் மர்ஹூம் எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்கள் எழுதியதாகவே இருக்கும். நாமும் அவ்வாறு பலருக்கு அளித்திருக்கிறோம். முதற் பக்கத்தில் வாழ்த்தும் துஆவும் எழுதி, கையொப்பமிட்டு, மணமகளிடமோ அவளுடைய தாயாரிடமோ கொடுத்துவிட்டு, ஒரு நற்செயல் புரிந்த நிறைவோடு பந்திக்குச் சென்று அமர்ந்திருக்கிறோம். அந்த நிறைவுக்கு நாம் உரியவர்தாமா என்னும் ஐயம் நெடுநாளாக நெஞ்சில் கிடந்தது. அதை எழுதியே தீர வேண்டும் என்ற எண்ணத்தை ஊட்டியது ஒரு மலைப் பயணம்.

தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது வத்தல்மலை. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், காப்பியும் மிளகும் பலாவும் சாமையும் கேழ்வரகும் விளையும் சிற்றூர்கள் தென்படும். அங்கு வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரள நாட்டினர் என மயங்குதல் வேண்டா. மலையை ஆள்வோர் என்பதே அச்சொல்லுக்கு அவர்கள் கூறும் பொருள். அம்மலையில் மிளகும் காப்பிக் கொட்டையும் கொள்முதல் செய்யும் தருமபுரி வணிகர் ஒருவர் நம் நண்பர். அவருடன் சென்றிருந்தபோது, சரக்கு வைக்கும் அறையில், சாக்குக் கட்டுகளுக்கு மேலே இருந்த பலகையில், அட்டை கிழிந்த ‘வாழ்க்கையில் வெற்றி’ ஒன்றைக் கண்டோம். நண்பரின் தந்தையார் வைத்திருந்த பிரதி அது. பென்சிலால் கோடிட்ட வரிகள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. மழை பிடித்துக்கொண்டதால் இரண்டு நாள்கள் கீழே இறங்க இயலவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அந்நூலை முதலிலிருந்து முடிவு வரை மீண்டும் படித்தோம்.

ஆசிரியரும் பணியும்

இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டியில் 1922-ஆம் ஆண்டு பிறந்து, 1993-இல் மறைந்த அப்துற் றஹீம் அவர்களை இன்றைய இளைஞர் பலர் அறியார். அன்னார் இரண்டு துறைகளில் உழைத்தவர். ஒன்று, இஸ்லாமிய அறிவுத் துறை. ‘இஸ்லாமியக் கலைக் களஞ்சியம்’ என்னும் பெருந்தொகுதிகளையும், ‘முஸ்லிம் தமிழ்ப் புலவர்கள்’ என்னும் நூலையும் தனி ஒருவராக முயன்று அளித்தார். ஒரு பல்கலைக்கழகம் குழு அமைத்துச் செய்ய வேண்டிய பணி அது. மற்றொன்று, வாழ்க்கை முன்னேற்ற நூல்களின் துறை. ‘வாழ்க்கையில் வெற்றி’, ‘முன்னேறுவது எப்படி?’, ‘கவலைப்படாதே’, ‘எண்ணமே வாழ்வு’, ‘உன்னை வெல்க’, ‘அன்புள்ள தம்பி’ எனத் தொடரும் அந்நூல்கள் சென்னையில் அவர் நிறுவிய யுனிவர்ஸல் பப்ளிஷர்ஸ் வாயிலாக வெளிவந்து, மறுபதிப்புக்கு மேல் மறுபதிப்புக் கண்டன. முஸ்லிம் அல்லாத தமிழர் பல்லாயிரவர் அவரை அறிந்தது இந்நூல்களால்தான். சமயம் கடந்து வாசகரைப் பெற்ற முஸ்லிம் தமிழ் எழுத்தாளர் வரிசையில் அன்னாருக்கு முன்னிடம் உண்டு.

இத்துறையில் தமிழுக்கு முதலடி எடுத்துக் கொடுத்தவர் என்று வ.உ. சிதம்பரனாரைக் கூறலாம். ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூலை அவர் ‘மனம் போல வாழ்வு’ எனத் தமிழாக்கி 1909-இல் வெளிவரச் செய்தார். அப்போது அவர் சிறையில் இருந்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். செக்கிழுத்தவர் மன வலிமையைப் பற்றி எழுதினால் அச்சொல்லுக்கு ஒரு தகுதி தானே வந்துவிடுகிறது. பின்னாளில் எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ இளைஞரிடையே பரவிற்று. அவர் 1988-இல் மக்கள் சக்தி இயக்கத்தையும் தொடங்கினார். இவ்விருவருக்கும் இடைப்பட்ட காலத்தைத் தம் பேனாவால் நிரப்பியவர் அப்துற் றஹீம்.

அன்னார் நடையின் சிறப்பு எளிமையும் விரைவும் ஆகும். ஓர் அறவுரை, அதற்குச் சான்றாக ஒரு பெரியாரின் வாழ்க்கை நிகழ்ச்சி, அதன் பின் மற்றொன்று என்று அத்தியாயம் நகரும். மேல்நாட்டு அறிஞரும் கீழ்நாட்டு ஞானியரும் ஒரே பக்கத்தில் அருகருகே வந்து நிற்பர். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திக் கடைக்குப் போன பையனுக்கு உலக வரலாற்றின் வாயிலை இந்நூல்கள் திறந்துவிட்டன. கொழும்பிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடைச் சிப்பந்திகளாக வேலை பார்த்த நம்மவர், இரவில் படுக்குமுன் படித்த நூல்கள் இவை. தந்தை அருகில் இல்லாத இளைஞனுக்குத் தந்தையின் குரலாக அவை இருந்தன. வத்தல்மலையில் நாம் கண்ட பென்சில் கோடுகள் அதற்குச் சாட்சி. கல்லாப் பெட்டியருகே அமர்ந்து, ஒரு மனிதர் தம்மைத் தாமே செதுக்கிக்கொள்ள முயன்ற தடங்கள் அவை. இத்தொண்டைச் சிறிது என்று கூறுவோர் நன்றி மறந்தவராவர்.

மனமும் மார்க்கமும்

ஆயினும் திறனாய்வு என்பது நன்றி கூறுவதோடு முடிந்துவிடுவதன்று.

இவ்வகை நூல்களின் அடித்தளம் ஒரு பழமொழியில் அடங்கும்: மனமுண்டானால் மார்க்கமுண்டு. வத்தல்மலையில் அமர்ந்து இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது; வருத்தமும் வந்தது. அங்கே மனம் என்றைக்கும் இருந்தது, மார்க்கந்தான் இல்லை. தார்ச் சாலை வருமுன் மூட்டை மிளகைத் தலையில் சுமந்து இறங்கிய கதையையும், பேறுகால வேதனையில் துடித்த பெண்ணைத் தூளி கட்டி நால்வர் தோளில் தூக்கி இறங்கிய கதையையும் ஒரு முதியவர் நமக்குச் சொன்னார். அம்மக்களின் ஊக்கத்தில் என்ன குறை? சாலை என்பது மன உறுதியால் விளைவதன்று. அரசு ஒதுக்கும் பணத்தாலும், ஊரார் ஒன்றுகூடிக் கேட்பதாலும் வருவது.

வெற்றி பெற்றவன் தன் முயற்சியால் பெற்றான் என்று மட்டும் எழுதினால், தோற்றவன் தன் சோம்பலால் தோற்றான் என்ற முடிவு எழுதாமலே எழுதப்பட்டுவிடுகிறது. அப்துற் றஹீம் அவர்கள் இறையருளையும் தவக்குலையும் மறந்தவரல்லர். அதனால் மேல்நாட்டு நூல்களில் காணும் செருக்கு அன்னாரிடம் இல்லை. எனினும் வறுமைக்குச் சமுதாயக் காரணங்கள் உண்டு என்னும் பேச்சு இத்துறையின் இலக்கணத்துக்குள் அடங்குவதில்லை. இது அன்னார் ஒருவரது குறையன்று. இவ்வகை நூல் முழுமைக்கும் உரிய குறை.

இருவர் வாழும் இல்லம்

இனி நம் நெஞ்சில் கிடந்த ஐயத்துக்கு வருவோம்.

முன்னேற்ற நூல் தனி மனிதன் ஒருவனை நோக்கிப் பேசுவது. ‘உன்னை வெல்க’ என்னும் தலைப்பே அதைக் காட்டும். ‘அன்புள்ள தம்பி’ என்னும் விளியும் அவ்வாறே. வாணிபத்துக்கும் கல்விக்கும் இது பொருந்தும். சினத்தை அடக்கு, பொறுமையைக் கைக்கொள், பிறர் குறையைக் காணாதே, உன் குறையைத் திருத்து என்பவை எவருக்கும் நல்லுரைகளே. ஆனால் திருமணம் இரண்டு உள்ளங்களின் ஒப்பந்தம். நிக்காஹ் என்பதை நாமே ஒப்பந்தம் என்றுதானே கூறுகிறோம்? இருவர் உள்ள இடத்தில் ‘உன்னை வெல்க’ என்னும் அறிவுரை யார் காதில் விழுகிறது என்பதே கேள்வி. வலியவன் காதில் விழுந்தால் அது நீதி. எளியவள் காதில் மட்டும் விழுந்தால் அதே சொல் விலங்காகிவிடும்.

இதை நாம் ஏட்டிலிருந்து கற்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நமது தங்கை மகளின் திருமணத்துக்கும் இத்தகைய நூல்கள் இரண்டை வழக்கம் போல் வாழ்த்தெழுதி அளித்தோம். ஓராண்டுக்குள் அவள் பிறந்தகம் திரும்பி வந்தாள். கைக்கூலியில் பாக்கி நின்றது என்று தொடங்கிய ஏச்சு, கைநீட்டும் அளவுக்குச் சென்றிருந்தது. இரு வீட்டாரும் கூடியபோது, மூத்தவர் என்ற முறையில் நம்மையே பேசச் சொன்னார்கள். நாமும் பேசினோம், பொறுமையின் சிறப்பை எடுத்துரைத்தோம். “கொடுத்த புத்தகத்தைப் படித்தாயாம்மா?” என்றும் கேட்டோம். அவள் தலை நிமிராமல் சொன்னாள்: “இரண்டு தடவை படித்தேன் மாமா. அவருக்கும் ஒன்று கொடுத்தீர்களா?”

அந்த அவையில் நமக்கு மறுமொழி இருக்கவில்லை. எனினும் அன்று அவளைத் திருப்பி அனுப்பினோம் என்பதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும். அடுத்த ஆறு மாதத்தில் அவள் மீண்டும் வந்தாள்; இம்முறை கையில் ஒரு குழந்தையோடும், வலக் காதில் கேளாமையோடும். அதன் பின் அவளைத் திருப்பி அனுப்பும் துணிவு எவருக்கும் வரவில்லை.

பழி நூலாசிரியரைச் சாராது. எந்த நூலும் அடிபடச் சொல்லவில்லை. நூலை எவர் கையில் கொடுப்பது என்று முடிவு செய்தவர் நாம். ஆனால் அவ்வாறு கொடுக்கத் தோன்றுவதற்கு இவ்வகை நூல்களின் அமைப்பிலேயே ஓர் இடம் இருக்கிறது என்பதைத்தான் நாம் சுட்ட விரும்புகிறோம். அறிவுரை நூல் தன் எதிரில் இருப்பவரை மட்டுமே திருத்த இயலும். எதிரில் இல்லாதவர் செய்யும் கொடுமையை அது சூழ்நிலை என்று கொள்கிறது. மழையையும் வெயிலையும் போலத் தாங்கிக்கொள்ளச் சொல்கிறது.

மேல்நாட்டார் கண்ட பாடம்

இக்குறை நம் மொழிக்கு மட்டும் உரியதன்று. இத்துறையின் பெரும்பெயரான டேல் கார்னகி என்னும் அமெரிக்கர் 1936-இல் வெளியிட்ட, நண்பரைப் பெறும் வழி கூறும் நூலின் இறுதிப் பகுதி இல்லற இன்பத்துக்கு ஏழு விதிகள் கூறிற்று. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர்த்தான், 1931-இல், அவருடைய முதல் திருமணம் மணவிலக்கில் முடிந்திருந்தது. 1981-இல் வந்த திருத்திய பதிப்பில் அந்த இல்லறப் பகுதி முழுதும் நீக்கப்பட்டது. கடைக்காரனுக்கும் வாடிக்கைக்காரனுக்கும் சொன்ன விதி, கணவனுக்கும் மனைவிக்கும் நீண்ட நாள் நிற்கவில்லை போலும். இரண்டாம் மனைவியார் டாரதி கார்னகி 1953-இல் எழுதிய நூலோ, தொழிலில் கணவன் முன்னேற மனைவி எவ்வாறு துணை புரிவது என்பதைப் பற்றியது. கணவன் தன்னை வெல்வதற்கு ஒரு நூல். மனைவி கணவனை வெல்லச் செய்வதற்கு மற்றொரு நூல்! மனைவி எதை வெல்வாள் என்பதற்கு நூல் இல்லை.

கார்னகி பிறந்த அதே 1888-ஆம் ஆண்டில் பிறந்தவர் பால் போப்பனோ. அமெரிக்காவில் மண ஆலோசனைத் தொழிலின் தந்தை என்று போற்றப்பட்டவர். அவர் வாழ்வின் தொடக்கம் நம் வாசகருக்குச் சுவை தரும். தந்தையாரின் நாற்றுப் பண்ணைக்காகப் பேரீச்சங் கன்றுகளைத் தேடி அரபு நாடுகளில் அலைந்து, 1913-இல் பேரீச்சை வளர்ப்பைப் பற்றி ஒரு நூலும் எழுதியவர் அவர். பின்னர் மரத்தில் நல்லினம் தேடுவது போல மனிதரிலும் தேடலாம் என்னும் இனமேம்பாட்டுக் கொள்கையில் வீழ்ந்து, தகுதியற்றோர் என்று கருதப்பட்டவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதை ஆதரித்து எழுதினார். 1930-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குடும்ப உறவு நிலையம் ஒன்றை நிறுவினார். உளவியலில் முறையான பட்டம் அவருக்குக் கிடையாது. முனைவர் என்பது ஒரு கல்லூரி அளித்த மதிப்புப் பட்டம். ஆயினும் 1953 முதல் மகளிர் மாத இதழ் ஒன்றில் ‘இத்திருமணத்தைக் காப்பாற்ற முடியுமா?’ என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் நிலையத்துக் கதைகள் தொடராக வந்து, நாடு முழுதும் படிக்கப்பெற்றன.

அத்தொடரின் அமைப்பில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. மனைவியின் கூற்று, கணவனின் கூற்று, ஆலோசகரின் கூற்று என மூன்றாகப் பிரித்து எழுதினார்கள். இருவரையும் கேட்டது நன்மை. திருமணத்தைக் காப்பது என்பதையே முடிந்த முடிவாகக் கொண்டு, விட்டுக்கொடுக்கும் பொறுப்பைப் பெரிதும் மனைவியின் தலையில் சுமத்தியது தீமை. மூன்றாம் குரல் முதல் குரலை விழுங்கிவிட்டது. நாம் அன்று நம் வீட்டு அவையில் செய்ததும் அதுவே.

நடுவர் இருவர்

அப்படியாயின் ஆலோசனை கூறுவதே வேண்டாமா? வேண்டும். எப்படிக் கூறுவது என்பதற்கு நம்மிடம் பழைய நெறி உண்டு. நாம்தாம் அதைப் பாதியாக்கிவிட்டோம். கணவன் மனைவியரிடையே பிளவு நேருமென அஞ்சினால், அவன் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரும் அவள் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரும் அமர வேண்டும் என்பது சூரத்துந் நிஸாவின் 35-ஆம் வசனத்தின் கருத்து. ஒருவரன்று; இருவர். 2002-ஆம் ஆண்டு ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் தலாக் செல்லுபடியாவதற்குத் தக்க காரணமும், அதற்கு முன்பாக இத்தகைய இரு நடுவரின் இணக்க முயற்சியும் தேவை என்று கூறிற்று. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமும் ஆலோசகருக்கு இடமளித்தது. இவ்வளவும் இருந்தும், பெண்ணை வெளியே நிறுத்திவிட்டு ஆடவர் மட்டும் அவளைப் பற்றிப் பேசும் ஜமாஅத்துகள் பல ஊர்களில் இருந்தன. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் போன்றோர் 2000-களின் தொடக்கத்தில் பெண்களுக்கென்று தனி ஜமாஅத் காண முற்பட்டபோது எழுந்த கூக்குரல் நமக்கு நினைவிருக்கிறது. அவர்தம் முறைகளில் கருத்து வேறுபாடு கொள்வோர் கொள்ளட்டும். அவர்களைத் தெருவுக்கு வரச் செய்தது எது என்று கேட்பதை மட்டும் விட்டுவிடலாகாது.

ஆலோசகர் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கு பரீரா (ரலி) அவர்களின் வரலாற்றை விடச் சிறந்த சான்று வேறில்லை. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற அப்பெண்மணி, கணவர் முகீஸுடன் வாழ விரும்பவில்லை. அவரோ மதீனாவின் தெருக்களில் கண்ணீர் வடித்தவாறு பின்தொடர்கிறார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பரிந்துரைக்கிறார்கள். இது கட்டளையா என்று அப்பெண்மணி வினவுகிறார். அன்று, பரிந்துரைதான் என்று விடை வருகிறது. அங்ஙனமாயின் தமக்கு அவர் தேவையில்லை என்று அவர் கூறிவிடுகிறார். பேச்சு அதோடு முடிகிறது. எவருடைய சொல்லுக்கு மறுப்பே இருக்க முடியாதோ, அப்பெருமானாரே தமது ஆலோசனையை மறுக்கும் உரிமையை ஒரு முன்னாள் அடிமைப் பெண்ணுக்கு அளித்தார்கள். நாமோ கொடுத்த நூலைப் படித்தாயா என்று அவளிடமே கணக்குக் கேட்டோம்.

வத்தல்மலையில் மழை விட்ட மாலையில், நண்பருக்கு மிளகு அளந்து போட வந்த மூதாட்டி ஒருவர், நாம் படித்துக்கொண்டிருந்ததைக் கண்டு என்ன நூல் என்று கேட்டார். நல்லபடியாக வாழ்வதற்கு வழி சொல்லும் நூல் என்றோம். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கும் அதில் வழி இருக்கிறதா என்றார். இருந்தால் நன்றாயிருக்கும் என்றோம். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “புத்தகம் ஒரு பக்கந்தான் பேசும் பாய். ரெண்டு பேரையும் தனித்தனியா உக்கார வெச்சுக் கேக்கணும். பொண்ண மொதல்ல கேக்கணும். அவ அழுது முடிக்கிற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது.” எழுத்தறியாத அம்மூதாட்டி எங்கள் மார்க்க நெறியின் சாரத்தை எங்களுக்கே எடுத்துரைத்தது போலிருந்தது.

அம்மக்களை வானளாவப் புகழ்வதும் நேர்மையன்று. சிறு வயதுத் திருமணம் அம்மலைகளிலும் பெண்களின் படிப்பைத் தின்றிருக்கிறது. ஆனால் பெண் வீட்டாருக்குப் பரிசம் கொடுத்து மணம் முடிக்கும் வழக்கம் மலையாளி மக்களிடையே இருந்ததாக இனவரைவு நூல்கள் கூறுகின்றன. நம் நெறியில் மஹர் பெண்ணுக்கே உரியது. அவ்வாறிருக்க, மணமகன் வீட்டார் கைநீட்டி வாங்கும் கைக்கூலியை நாம் எங்கிருந்து கொண்டுவந்தோம்? இல்லறத்தின் இன்னல்கள் பல அந்தக் கொடுக்கல் வாங்கலில் தொடங்குகின்றன. தன்னைத் தான் வெல்லச் சொல்லும் எந்த நூலும், திருமணத்துக்கு முன்பே பேரம் பேசி முடித்த இரு தந்தையரைத் திருத்துவதில்லை.

அப்துற் றஹீம் அவர்களின் நூல்களை இனி என்ன செய்வது? அவற்றை ஒதுக்கிவிடச் சொல்வோர் கட்சியில் நாம் இல்லை. சோர்ந்த இளைஞனை எழுப்பி உட்கார வைக்கும் ஆற்றல் அவ்வெழுத்துக்கு இன்றும் உண்டு. அன்னாரது கலைக்களஞ்சியப் பணி நம் சமுதாயத்தின் நிலைத்த செல்வம். அவருடைய முன்னேற்ற நூல்களைத் தொழிலுக்கும் கல்விக்கும் தனி ஒழுக்கத்துக்கும் உரியவையாகப் படிப்போம். இருவர் வழக்கில் தீர்ப்புரைக்க அவற்றை அழைக்க வேண்டா; அதற்கு இருவர் வாயையும் கேட்கும் காதுகளே வேண்டும். அன்று அவளைத் திருப்பி அனுப்பியதற்காக நமது தங்கை மகளிடம் மன்னிப்புக் கேட்க நமக்குப் பத்தாண்டுகள் ஆயின. அவள் மன்னித்தாள், இன்று ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். இக்கட்டுரையை எழுதுவதற்கும் அவளிடம் ஒப்புதல் கேட்டே எழுதினோம்.

நண்பரின் இளைய மகளுக்கு வரும் ஷவ்வாலில் நிக்காஹ். வத்தல்மலையிலிருந்து இறங்கும் வழியிலேயே அழைப்பைச் சொல்லிவிட்டார். பரிசாக ‘உன்னை வெல்க’ நூலைத்தான் வாங்கி வைத்திருக்கிறோம். முதற் பக்கத்தில் மணமகனின் பெயரை எழுதியாயிற்று.